‘ஓ’ போலத் தெரியும், ‘ஓ’ அல்ல! பம்பாய் ரத்தத்தில் குறைந்துபோன ஒரு சர்க்கரை

சயான் ஆஸ்பத்திரி என்றால் தாராவிக்காரர்களுக்கு விலாசம் சொல்ல வேண்டியதில்லை. லோகமான்ய திலகர் பெயரைத் தாங்கிய அந்த மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அடிபட்டவர்களும், சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளிகளும், பிரசவம் சிக்கலாகிவிட்ட தாய்மார்களும் இரவு பகலென்று இல்லாமல் வந்துகொண்டே இருக்கிறார்கள். ரத்தம் தேவை என்றதும் எழும் முதல் கேள்வி, "என்ன குரூப்?" என்பதுதான். சட்டைப்பையில் இருக்கும் கம்பெனி அட்டையில் ‘ஓ பாசிடிவ்’ என்று அச்சாகியிருந்தால், கூட வந்தவர்களுக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். ஓ தானே! நாலு பேரைக் கேட்டால் ஒருவரிடமாவது கிடைக்குமே!

பெரும்பாலும் அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் இந்த நகரத்தில் சுமார் 7,600 பேரில் ஒருவருக்கு அது நியாயமாகாது. அவருடைய அட்டையிலும் ‘ஓ’ என்றே இருக்கலாம். அவசரச் சோதனையிலும் ‘ஓ’ என்றே தெரியும். அதை நம்பி ஓ ரத்தத்தை ஏற்றினால், ஏற்றிய ரத்தம் உடலுக்குள்ளேயே சிதைந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அவருடைய ரத்தத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் ‘பம்பாய்’. நகரம் 1995-ல் மும்பை ஆகிவிட்டது. ரத்தம் மட்டும் இன்னும் பழைய பெயரை விடவில்லை.

இத்தனை பெரிய ஆபத்துக்குக் காரணம் என்ன? கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு சர்க்கரை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததுதான்!

அஸ்திவாரம் போடாத வீடு

சர்க்கரை என்றதும் டாக்டர் காப்பியில் போடாதே என்று சொல்லும் சர்க்கரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரைகளில் பல ஜாதி உண்டு. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் தன் புரதங்களின் மீதும் கொழுப்புகளின் மீதும் விதவிதமான சர்க்கரைகளைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறது. ரத்தத்தின் சிவப்பணுவைப் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தால், பலாப்பழத்தின் முள்போல அதன் மேலெல்லாம் இந்தச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தின் ‘குரூப்’ என்பது அந்தச் சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதைத் தவிர வேறில்லை.

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். முதலில் சங்கிலியின் நுனியில் பியூகோஸ் என்ற சர்க்கரை வந்து ஒட்ட வேண்டும். அதுதான் அஸ்திவாரம். அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் ‘எச்’. அந்த அஸ்திவாரத்தின் பக்கத்தில் இன்னொரு சர்க்கரையை வைத்துக் கட்டினால் மாடி எழும்பும். வைக்கப்பட்டது என்-அசிடைல் காலக்டோசமைன் என்றால் ‘ஏ’ குரூப். காலக்டோஸ் என்றால் ‘பி’ குரூப். இரண்டும் இருந்தால் ‘ஏபி’. ஒன்றுமே கட்டாமல் அஸ்திவாரத்தோடு நின்றுவிட்டால் ‘ஓ’. ஆக, ஓ என்பது ‘ஒன்றும் இல்லாத’ ரத்தம் அல்ல. அதிலும் ‘எச்’ இருக்கிறது. சொல்லப்போனால் ஓ ரத்தத்தில்தான் அது மிக அதிகம்.

பம்பாய் ரத்தக்காரருக்கு அந்த அஸ்திவாரமே கிடையாது. மேலே கட்டும் கொத்தனார், அதாவது ஏ சர்க்கரையையோ பி சர்க்கரையையோ வைக்கும் என்சைம், அவர் உடலில் வேலைக்குத் தயாராக நிற்கலாம். செங்கல்லை எங்கே வைப்பது? மாடி எழும்பாது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, ஆகவே ஓ என்று தோன்றிவிடும்.

இதனால் அவருக்கு நோய் ஒன்றும் வராது. மற்றவர்களைப் போலவே உழைத்து, உண்டு, பிள்ளை குட்டிகளோடு வாழ்வார். தொல்லையெல்லாம் ரத்தம் ஏற்றும்போதுதான். தன்னிடம் இல்லாத சர்க்கரை வெளியிலிருந்து வந்தால் தாக்குவதற்கு உடல் எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்கும். ஓ ரத்தக்காரரிடம் ஏ-க்கும் பி-க்கும் எதிர்ப்பொருள் உண்டு. பம்பாய் ரத்தக்காரரிடம் அவற்றோடு எச்-க்கும் எதிர்ப்பொருள் உண்டு. ஏ, பி, ஏபி, ஓ எல்லா ரத்தத்திலும் எச் இருப்பதால் அவருக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது. இன்னொரு பம்பாய் ரத்தக்காரர் கொடுத்தால்தான் உண்டு.

1952: ஒரு நகரத்தின் பெயர் ரத்தத்துக்கு வந்த கதை

ஏ, பி, ஓ பிரிவுகளை வியன்னா நகரத்தில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-ல் வெளியிட்டார். 1930-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதன் பிறகு ஓ ரத்தம் யாருக்கும் ஏற்றத்தக்கது என்ற நம்பிக்கை உலகமெங்கும் பரவியது. அந்த நம்பிக்கைக்கு ஓர் அடி நம் பம்பாயிலிருந்து விழுந்தது.

1952-ல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பம்பாயைச் சேர்ந்த டாக்டர்கள் பேண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா ஆகிய மூவரும், லண்டன் நிபுணர்கள் நால்வரும். பம்பாயில் மூன்று பேரின் ரத்தம் எந்த விதிக்கும் அடங்காமல் இருப்பதை அந்தக் கட்டுரை விவரித்தது. அவர்களுடைய சிவப்பணு ஏ-க்கான மருந்திலும் திரளவில்லை, பி-க்கான மருந்திலும் திரளவில்லை. ஓ ரத்தத்தில் இருக்கவேண்டிய எச் இருக்கிறதா என்று பார்த்தால் அதையும் காணோம். அதற்கு மாறாக அவர்களுடைய ரத்தநீரோ ஓ ரத்தத்தைக்கூடப் பால் திரிந்ததுபோலத் திரித்துவிட்டது!

லண்டன் நால்வரில் இருவர் மார்கன் என்பவரும் வினிபிரெட் வாட்கின்ஸ் என்ற பெண்மணியும். அவர்கள் லிஸ்டர் நிலையத்தில் ரத்தப் பிரிவுகளின் ரசாயனத்தைத் துருவிக்கொண்டிருந்தவர்கள். ரத்தப் பிரிவு என்பது சர்க்கரை விவகாரம் என்பதை நிலைநாட்டியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் ருசிகரமான பகுதி.

நாக்கு உதவாத இடம்

சர்க்கரையைக் கண்டுபிடிக்க நாக்கு போதும் என்பது டீக்கடைக் கணக்கு. செல்லின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைக்கு நிறமில்லை, மணமில்லை. மைக்ராஸ்கோப்பை வைத்தாலும் தெரியாது. அதை அறிய ஒரு வழி, அந்தச் சர்க்கரையை மட்டும் பார்த்துப் பிடித்துக்கொள்ளும் வேறொரு பொருளைத் தேடிப் பிடிப்பது. பிடித்துக்கொண்டால் சர்க்கரை இருக்கிறது, விட்டுவிட்டால் இல்லை.

அப்படிப் பிடிக்கும் ஒரு பொருள் விலாங்கு மீனின் ரத்தநீரில் இருக்கிறது. அதை ஓ ரத்தத்தோடு கலந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரவை ரவையாகத் திரண்டுவிடும். வாட்கின்சும் மார்கனும் என்ன செய்தார்கள் தெரியுமா? விலாங்கு ரத்தநீரில் முன்கூட்டியே ஒவ்வொரு சர்க்கரையாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சர்க்கரையைப் போட்டால் பயனில்லை, அணுக்கள் வழக்கம்போலத் திரண்டன. இன்னொன்றைப் போட்டாலும் அப்படியே. பியூகோசைப் போட்டபோது மட்டும் திரளுவது நின்றுவிட்டது! இரண்டு கையிலும் சாமானைப் பிடித்திருப்பவன் ரயிலில் கம்பியைப் பிடிக்க முடியாதல்லவா? அதுபோலத்தான். விலாங்கு நீரின் கை பியூகோசால் நிரம்பிவிட்டதால் சிவப்பணுவைப் பிடிக்க அதற்குக் கை இல்லை. அப்படியானால் சிவப்பணுவின் மேல் அது தேடிப் பிடித்துவந்ததும் பியூகோசாகத்தானே இருக்க வேண்டும்? இந்த முடிவும் அதே 1952-ல்தான் வெளிவந்தது.

விலாங்குக்காக லண்டன் வரை போகவேண்டாம். அதற்கு ஓராண்டு முன்பே பம்பாய்க்குப் பக்கத்தில் பூனாவில், ராணுவ மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் ஒரு காரியம் செய்திருந்தார். அவர் கையில் எடுத்தது சாதாரணக் கொள்ளு! திருநெல்வேலிக்காரர்கள் காணம் என்றும், மராட்டியர்கள் குளித் என்றும் சொல்லும் அதே கொள்ளுதான். அதிலிருந்து எடுத்த சாறு ஏ ரத்தத்தைத் திரளவைத்தது. பி ரத்தத்தையும் ஓ ரத்தத்தையும் சீண்டவேயில்லை. ஏ ரத்தத்திலேயே ஏ1, ஏ2 என்று இரண்டு உட்பிரிவு உண்டு. தக்க அளவில் நீர் கலந்து வைத்தால் கொள்ளுச் சாறு அவற்றையும் பிரித்துக் காட்டிவிடும். பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் 1951-ல் இது வெளியாயிற்று. உலகத்தின் ரத்த வங்கிகளில் இன்றும் ஏ1 ரத்தத்தை அறியக் கொள்ளுச் சாறு பயன்படுகிறது. குதிரைக்குப் போடும் தானியம் என்று ஏளனமாகப் பேசப்பட்ட பண்டத்துக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

பேர்ட் அதோடு நிற்கவில்லை. 1964-ல் வேர்க்கடலையிலும் இப்படி ஒரு சர்க்கரைப் பிடிப்பான் இருப்பதைக் காட்டினார். சாதாரணமாக மறைந்திருந்து, சில நிலைமைகளில் மட்டும் அணுவின் மேல் வெளிப்படும் ஒரு சர்க்கரை அமைப்பை அது பிடிக்கும்.

இத்தகைய பொருள்களுக்கு லெக்டின் என்று பெயர். பாயிட் என்ற அமெரிக்கர் 1954-ல் வைத்த பெயர் அது. ஆமணக்கு விதைச் சாறு ரத்தத்தைத் திரளவைப்பதை ஸ்டில்மார்க் என்ற இளைஞர் 1888-லேயே கண்டுவிட்டார். தம்பட்டங்காய் இனத்து அவரை விதையிலிருந்து சம்னர் 1919-ல் பிரித்தெடுத்த லெக்டின் இன்றும் ஆராய்ச்சிக்கூடங்களின் அலமாரியில் இருக்கிறது. நம் பலாக்கொட்டையிலும் ஒன்று உண்டு. அதன் வடிவத்தை அணு அணுவாகப் படம் பிடித்து 1996-ல் வெளியிட்டவர்கள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் விஜயன் குழுவினர்.

அப்படியானால் ஏ ரத்தக்காரர் கொள்ளு ரசம் சாப்பிட்டால் ரத்தம் திரண்டுவிடுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். நன்றாக வேகவைத்தால் லெக்டின் செயலிழந்துவிடும். ஆனால் அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியையும் பேதியையும் கொண்டுவருவதற்கு அதிலுள்ள லெக்டின்தான் காரணம். ஊறவைத்து, கொதிக்கக் கொதிக்க வேகவைக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் ருசிக்காக அல்ல.

பம்பாய் ரத்தத்தைப் பிடிக்க வேண்டியது எச் லெக்டின். அது கிடைப்பது ‘யூலெக்ஸ்’ என்ற மஞ்சள் பூப் பூக்கும் முள்செடியின் விதையில். ஐரோப்பியச் செடிதான். ஆனால் ஊட்டிக்குப் போனவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரிக்கு வந்து, இன்று புல்வெளிகளை ஆக்கிரமித்து வனத்துறைக்குத் தலைவலியாக நிற்கும் செடிகளில் அதுவும் ஒன்று. அதன் விதைச் சாற்றில் ஓ ரத்தம் பளிச்சென்று திரளும். பம்பாய் ரத்தம் அப்படியே சிவப்பாக ஓடும். ஒரு சொட்டுச் சாறு, ஒரு சொட்டு ரத்தம், சில நிமிஷம். அவ்வளவுதான் சோதனை!

செல்லுக்குள்ளே

சர்க்கரை என்பது செல்லின் வெளிச்சுவரை அலங்கரிக்கும் விஷயம் மட்டுமே என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1984-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டாரஸ் என்ற பெண்மணியும் ஜெரால்டு ஹார்ட்டும் வெள்ளையணுக்களை எடுத்துச் சோதித்தார்கள். பசும்பாலில் ஒரு என்சைம் உண்டு. என்-அசிடைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரை எங்கே இருந்தாலும் அதன் தலையில் ஒரு காலக்டோசை வைத்துவிடும். அந்தக் காலக்டோசுக்குக் கதிர்வீச்சு அடையாளம் கொடுத்துவிட்டால், பிறகு கருவியில் அளந்து அது போய் ஒட்டிய இடத்தை அறியலாம். வெளிச்சுவரில் தேடப்போன இருவருக்கும், அந்தச் சர்க்கரை பெருமளவுக்குச் செல்லின் உள்ளே இருப்பது தெரியவந்தது. யாரும் எதிர்பாராத விஷயம் அது. உள்ளே வேலை செய்யும் புரதங்களின் மேல் இந்தச் சர்க்கரை ஒட்டுவதும் கழல்வதுமாக இருந்து, அவற்றின் வேலையைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது பின்னர் படிப்படியாகப் புலப்பட்டது.

அதைக் காண இன்று வழிகள் பல. கோதுமை முளையிலுள்ள லெக்டின் அதைப் பிடிக்கும். அதற்கென்றே தயாரித்த எதிர்ப்பொருள்கள் உண்டு. கொக்கி மாட்டிய சர்க்கரையைச் செல்லுக்கு ஊட்டிவிட்டு, பிறகு அந்தக் கொக்கியில் ஒளிரும் சாயத்தைக் கோக்கும் முறையும் வந்துவிட்டது. உயிருள்ள செல்லுக்குத் தீங்கு வராமல் அப்படிக் கோக்கும் ரசாயனத்துக்காகக் கரோலின் பெர்டோசி என்ற பெண் விஞ்ஞானிக்கு 2022-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இவையெல்லாம் பெரிய ஆராய்ச்சிக்கூடத்துச் சமாசாரங்கள்.

ஆனால் செல்லுக்குள் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஒரு சோதனை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தெருவுக்குத் தெரு நடக்கிறது. சர்க்கரை நோயாளிகள் ‘மூணு மாசச் சர்க்கரை’ என்று சொல்லும் எச்பிஏ1சி சோதனைதான் அது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ரத்தத்துக் குளுக்கோஸ் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. கொத்தனார் வேண்டாம், என்சைம் வேண்டாம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் இரண்டு மூன்று மாதக் கணக்கு வெளிவந்துவிடும். முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்ற முடியாது! டெஹ்ரான் நகரத்தில் சாமுவேல் ரஹ்பர் 1968-ல் நோயாளிகளின் ஹீமோகுளோபினை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும்போது, சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகப் பெருத்திருந்த ஒரு கோட்டைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்ததே இந்தச் சோதனை. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்ளலாம் என 2011-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு இந்தக் கணக்கு தவறாக வரும். ஓடுவது பாதி அடுத்தவர் ரத்தம் அல்லவா!

அட்டையில் வந்த பிழை

இப்போது மறுபடி சயான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவோம்.

தொழிற்சாலை முகாமிலும் பள்ளிக்கூடத்திலும் குரூப் பார்க்கும்போது என்ன செய்கிறார்கள்? விரலைக் குத்தி, கண்ணாடித் தட்டில் இரண்டு மூன்று சொட்டு ரத்தம் வைத்து, ஒன்றில் ஏ மருந்து, ஒன்றில் பி மருந்து, இன்னொன்றில் பாசிடிவ், நெகடிவ் பார்க்கும் மருந்து விடுகிறார்கள். ஏ-யிலும் பி-யிலும் திரளாவிட்டால் ‘ஓ’ என்று எழுதிவிடுகிறார்கள். இது பாதிச் சோதனைதான். எச் இருக்கிறதா என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

மீதிப் பாதியை ரத்த வங்கி செய்கிறது. நோயாளியின் ரத்தநீரை எடுத்து, ஏற்கனவே தெரிந்த ஏ அணு, பி அணு, ஓ அணு ஆகியவற்றோடு தனித்தனியே சேர்க்கிறார்கள். உண்மையான ஓ ரத்தக்காரரின் நீர் ஏ-யையும் பி-யையும் திரளவைக்கும், ஓ-வைத் தொடாது. ஓ அணுவும் திரண்டால் ஊழியர் நிமிர்ந்து உட்கார வேண்டிய கட்டம் அது. அடுத்தது யூலெக்ஸ் சாறு. அதிலும் திரளாவிட்டால் பம்பாய் ரத்தம் என்ற சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். இவ்வளவுக்கும் பிறகு, கொடுக்கப்போகும் ரத்தத்தையும் நோயாளியின் நீரையும் நேருக்கு நேர் கலந்து பார்க்கும் ‘கிராஸ் மாட்ச்’ சோதனை வேறு இருக்கிறது. "குரூப்தான் தெரியுமே, இன்னும் எதற்கு ஒரு மணி நேரம் உட்காரவைக்கிறார்கள்?" என்று ரத்த வங்கி ஜன்னலில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு மணி நேரம் இதற்காகத்தான். பெரிய அவசரத்தில் எந்தப் பொருத்தமும் பார்க்காமல் ஏற்றுவதற்கென்று டாக்டர்கள் வைத்திருப்பதும் ஓ ரத்தமே. மற்ற எல்லோரையும் காப்பாற்றும் அந்த ஏற்பாடு பம்பாய் ரத்தக்காரரை மட்டும் காப்பாற்றாது.

7,600-ல் ஒருவர் என்பது பாட்டியாவும் சாத்தேயும் பம்பாய் மக்களிடையே பார்த்து 1974-ல் வெளியிட்ட கணக்கு. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி மும்பை நகரில் சுமார் 1 கோடியே 24 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் 1,600 பேருக்கு மேல் வருகிறது. இவர்களில் பலருக்குத் தங்கள் ரத்தம் இன்னதென்று தெரியாது என்றே கொள்ளவேண்டும். ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் இந்த ரத்தம்.

தாய்மாமன் கல்யாணமும் வீண் பழியும்

எச் அஸ்திவாரத்தைப் போடும் என்சைமுக்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டுமே பழுதானால்தான் பம்பாய் ரத்தம். பழுது என்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தியர்களிடம் காணப்படும் பம்பாய் ரத்தத்தில், அந்த மரபணுவின் 725-வது எழுத்து ஒன்று மாறியிருப்பதை 1990-களில் கண்டறிந்தார்கள். ஓர் எழுத்துப்பிழை!

ஒரே குடும்பத்துக்குள் ஓடும் பழுதான பிரதி, சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வதற்கு வாய்ப்பு அதிகம். அக்காள் மகளைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் நம்மவர்களிடையே பழகிப்போன வழக்கம். அதைப் பற்றி இங்கே நியாயம் பேசுவதற்கில்லை. ஆனால் சொந்தத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ‘ஓ’ என்று வந்திருந்தால், ஒரு தடவை ரத்த வங்கியில் முழுச் சோதனையும் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயமும் உண்டு. சற்றுச் சங்கடமான விஷயம். தகப்பனுக்கு ஓ, தாய்க்கு ஏ என்றால் பிள்ளைக்கு ஏ அல்லது ஓ-தான் வரவேண்டும் என்பது பாடப்புத்தக விதி. பிள்ளைக்கு பி என்றோ ஏபி என்றோ வந்துவிட்டால்? அரைகுறையாகப் படித்த ஒருவர் போதும், அந்தப் பெண்ணின் மேல் பழி விழுவதற்கு. ஆனால் அந்தத் தகப்பன் ஓ அல்ல, பம்பாய் ரத்தக்காரராக இருக்கலாம். அவரிடம் பி கட்டும் கொத்தனார் இருந்தும் அஸ்திவாரம் இல்லாததால் வேலை நடக்கவில்லை. பிள்ளைக்கோ தாயிடமிருந்து நல்ல அஸ்திவாரம் கிடைத்துவிட்டது. ஆகவே தகப்பனிடம் மறைந்திருந்த பி பிள்ளையிடம் வெளிப்பட்டுவிட்டது. இது கற்பனையல்ல. அமெரிக்காவில் பிலிப் லெவின் குழுவினர் 1955-ல் இதே போன்ற ஒரு குடும்பத்தை விவரித்தார்கள். அங்கே ஓ என்று தெரிந்த தாய்க்கு ஏபி பிள்ளை பிறந்திருந்தது. பெற்ற தாயாகையால் பழி சொல்ல வழியில்லை, விஞ்ஞானம்தான் விளக்கம் தேட வேண்டியிருந்தது. தகப்பன் விஷயத்தில் அந்தப் பொறுமையை எத்தனை குடும்பங்கள் காட்டும்?

தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

பரேலில் கே.இ.எம். ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் தேசிய ரத்த எதிர்ப்பியல் நிலையம் இத்தகைய அபூர்வ ரத்தங்களை ஆராயும் மத்திய அரசு ஸ்தாபனம். 1957-ல் ரத்தப் பிரிவு ஆதார மையமாகத் தொடங்கியது. சாதாரண ரத்த வங்கியில் சந்தேகம் எழுந்தால் இப்படிப்பட்ட இடங்களுக்கு மாதிரியை அனுப்புவார்கள்.

பம்பாய் ரத்தம் என்று உறுதியானவருக்குச் சில காரியங்கள் அவசியம். சட்டைப்பையில் எப்போதும் அந்த விவரம் எழுதிய அட்டை இருக்க வேண்டும். ‘ஓ’ என்று அச்சடித்த பழைய அட்டையைக் கிழித்துப் போடுவது நல்லது. தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால், டாக்டரின் சம்மதத்தோடு தன் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். தெருமுனை முகாமில் ஆர்வத்தில் ரத்தம் கொடுத்துவிட வேண்டாம். பையில் எடுத்த ரத்தம் சாதாரணக் குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாள்தான் தாங்கும். அதற்குள் அது தேவைப்படும் ஆள் வராவிட்டால் வீண். அதைவிட, கூப்பிட்டால் வருகிறேன் என்று ரத்த வங்கியிலும் கொடையாளர் பட்டியலிலும் பேரைப் பதிந்து வைப்பதே மேல். கிளிசரால் சேர்த்து உறையவைத்தால் பல வருஷம் தாங்கும். ஆனால் அந்த வசதி எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது.

தேவை வந்துவிட்டால் முதலில் தேடவேண்டியது கூடப்பிறந்தவர்களை. பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமப்பவர்களாக இருந்தால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அண்ணன் தாராவியில், தம்பி தூத்துக்குடியில், தங்கை தென்காசியில் என்று சிதறிக் கிடக்கும் குடும்பங்களில் இது சாமானியக் காரியமல்ல. ஆளே வரவேண்டும் என்பதில்லை. ஊரில் பக்கத்து ரத்த வங்கியில் தம்பி கொடுத்தால், ஐஸ் பெட்டியில் வைத்த ரத்தம் விமானத்தில் மும்பைக்கு வந்து சேர்ந்துவிடும். ஆனால் தம்பியின் ரத்தம் இன்னதென்று அதற்கு முன்பே சோதித்து எழுதி வைத்திருக்க வேண்டும்.